அக்காவுக்குப் பின்னால் ஒரு வீடு

1

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டி வாங்கப் படியிறங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் கதிர், என் அக்கா மகன். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறான். அதற்கு அடுத்த வாரம் அக்காவுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்று கட்டப்போகும் பேனர் எப்படி இருக்கும் என்று ஃப்ளெக்ஸ் கடையில் செய்து கொடுத்த மாதிரியை எனக்கு அனுப்பியிருந்தான்.

மாடிப்படியிலேயே நின்று பெரிதாக்கிப் பார்த்தேன். நீல வானம், வெள்ளை மேகம். மேகத்துக்கு நடுவில் இடுப்பு வரை வெட்டி ஒட்டிய அக்கா. இரண்டு பக்கமும் ரோஜாப்பூ, கீழே குத்துவிளக்கு, மேல் மூலையில் இரண்டு புறாக்கள். அக்காவுக்குப் புறாவைக் கண்டாலே ஆகாது. மொட்டைமாடியில் காயப்போட்ட வடகத்தை நாசம் பண்ணுகிறது என்று கம்பை எடுத்துக்கொண்டு துரத்துவாள்.

அந்தப் படம் நான் எடுத்தது. அது இந்த மாதிரி ஒரு பேனருக்கென்றே அக்கா சொல்லி எடுக்கவைத்த படம். அதில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பின்னால் அவளுடைய வீடு இருக்க வேண்டும். அந்த வீட்டைத்தான் காணவில்லை.

“மாமா ஓகேவா? இன்னிக்குள்ள சொல்லணுமாம்” என்று கீழே எழுதியிருந்தான் கதிர். ரொட்டி வாங்காமலேயே மேலே ஏறி வந்துவிட்டேன்.

ஒரு பேனருக்கா இவ்வளவு அலட்டல் என்று ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். அங்கே தெருவுக்குத் தெரு கட்டுகிறார்கள், நாலு நாளில் கழற்றுகிறார்கள். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது மாப்பிள்ளையாக. மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் சொல்தா. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியதால் எனக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது, பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில் மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது, விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலையும் கிடைத்தது. பெட்டிகளை எடைபோட்டு, ஒட்டுச்சீட்டு சரிபார்த்து, உள்ளே அனுப்புகிற வேலை. அங்கே எல்லாவற்றையும் இயந்திரம்தான் முடிவு செய்யும். அது பீப் என்றால் நிற்க வேண்டும், பச்சை விளக்கு எரிந்தால் தள்ள வேண்டும்.

அதனாலேயோ என்னவோ, கேமரா விஷயத்தில் எனக்குத் தானாக ஃபோகஸ் செய்கிற லென்ஸ் பிடிக்காமல் போனது. மகள் லீனா சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கிய கேமரா, அவளை விட்டுவிட்டு அவள் கையில் இருக்கும் பொம்மையைப் பார்த்துக் குறிவைக்கும். அதோடு சண்டை போட்டுச் சலித்து, கடைசியில் கையால் திருப்புகிற ஜெர்மன் லென்ஸ் இரண்டு வாங்கினேன். ஒன்று முப்பத்தைந்து மில்லிமீட்டர், தெருவுக்கு. இன்னொன்று ஐம்பது, முகங்களுக்கு. இரண்டும் ஜூம் ஆகாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொருவராகக் காரை மாற்றிய வருடங்களில் நான் பழைய காரிலேயே போய்க்கொண்டிருந்தேன். “கண்ணாடி வாங்கிட்டு வந்த காசுல ஒரு காருக்குக் கதவாவது வந்திருக்கும்” என்பாள் என் மனைவி.

அந்த லென்ஸ்களின் வளையம் கொஞ்சம் கனமாக, எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் திரும்பும். மேலே மீட்டர் கணக்கு செதுக்கியிருக்கும். நான் டிஜிட்டல் கேமராவில்தான் மாட்டிவைத்திருக்கிறேன். கண்ணை வைத்துப் பார்த்தபடி வளையத்தைத் திருப்பினால், எது தெளிவாக இருக்கிறதோ அதன் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும். லென்ஸின் வாயை முழுதாகத் திறந்துவைத்தால் கண்ணிமையில் மட்டும் அந்தக் கோடு நிற்கும், காதில் நிற்காது. காதே அப்படி என்றால் பின்னால் இருக்கிற சுவர், மரம், வண்டி எல்லாம் கரைந்து வெறும் நிறமாகிவிடும். இங்குள்ள புகைப்படச் சங்கத்தில் அதற்குத்தான் மரியாதை. பின்னணி எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு நல்ல லென்ஸ்.

எனக்கு அது வசதியாகவே இருந்தது. குப்பைத்தொட்டி, டிராம் கம்பி, ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகள். இங்கே பின்னணியில் எனக்கு வேண்டியது எதுவும் இருந்ததில்லை.

3

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் ஆரம்பித்த குளிர்காலத்தில் லீனாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. லீனாவுக்கு அப்போது பதினெட்டு வயது. நாம் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் வயதைத் தாண்டி, பதிலே சொல்லாத வயதுக்கு வந்திருந்தாள்.

முதல் நாள் காலையிலேயே கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் வளர்ந்த நெல்லித்தோப்புக்குப் போனேன். தெருவில் ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். அதனால் முன்கூட்டியே தூரத்தை வைத்துவிடுவது என் பழக்கம். இரண்டு மீட்டரில் வைத்துக்கொள்வேன். பிறகு வளையத்தைத் தொடவே மாட்டேன். ஆள் அந்தத் தூரத்துக்கு வந்ததும் எடுத்தால் தெளிவாக விழும். பிரான்சில் பல வருடம் அப்படித்தான் எடுத்திருக்கிறேன், ஒரு நாளும் பிசகியதில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு முகமும் தெளிவில்லை. டீக்கடைக்காரர் மங்கல், அவருக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் பளிச்சென்று இருந்தது. பூக்காரம்மா மங்கல், சுவரில் ஒட்டிய டியூஷன் விளம்பரத்தில் போன் நம்பர் வரை படிக்க முடிந்தது. என்னோடு படித்த ஒருவனைப் பல வருடத்துக்குப் பிறகு பார்த்து எடுத்த படத்தில், அவன் தலைக்குப் பதில் கரண்டுப் பெட்டியில் இருந்த மண்டையோட்டுப் படம் துல்லியமாக விழுந்திருந்தது.

அக்கா என் தோளில் தாடையை முட்டுக்கொடுத்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடா இது? கரண்டுப் பொட்டியப் படம் புடிக்கவா பிளேன் ஏறி வந்த?”

“லென்ஸ்ல ஏதோ கோளாறுக்கா.”

“ஒனக்கா, லென்ஸுக்கா?”

அவள் தாடை என் தோளில் இருந்ததால்தான் எனக்கு உறைத்தது. லென்ஸில் ஒன்றுமில்லை. இரண்டு மீட்டர் என்பது பிரான்சில் ஒரு மனிதர் என்னைப் பார்த்ததும் நின்று பேசுகிற தூரம். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் அந்த இடத்தில் நிற்பார், என் மேலதிகாரியும் அங்கேதான் நிற்பார். அந்தப் பழக்கத்தை அப்படியே நெல்லித்தோப்புக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அங்கே யாரும் அந்தத் தூரத்தில் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். பூக்காரம்மா கன்னத்தைத் தொட்டு, இளைத்துப் போய்விட்டேன் என்றார். அத்தனை பேரும் இரண்டு மீட்டரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள்.

சொன்னபோது அக்கா சிரித்தாள். பிறகு கட்டிலில் கைப்பேசியோடு கிடந்த லீனாவைக் காட்டி, “அதனாலதான் இந்தப் பொண்ணு நான் கிட்டப் போனா பின்னாடியே போவுதா? நான் இன்னா கடிச்சா வெச்சிடுவேன்?” என்று கேட்டாள். லீனா காதிலிருந்த ஒயரை எடுத்துவிட்டுச் சிரித்தாள். என்ன கேட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

4

அக்கா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் சரோஜா. நோயைப் பற்றியும் சாவைப் பற்றியும் கறிகாய் விலை மாதிரி பேசுவாள். எனக்குத்தான் தாங்காது. ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது தெருமுனையில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“எங்க வீட்டுக்காரருக்குக் கட்டுனது ஞாபகம் இருக்குதா? ஆதார் கார்டு படத்தப் பெருசு பண்ணிக் கட்டிட்டானுங்க. மனுஷன் ஜெயில்லேந்து வந்த மாதிரி இருந்தாரு. எனக்கு அப்பிடிக் கட்டிடப் போறானுங்க. நீ ஒண்ணு நல்லதா எடுத்து வெச்சிட்டுப் போ.”

“இன்னாக்கா பேச்சு இது? சாப்புடு மொதல்ல.”

“நர்ஸுடா நானு. எனக்குத் தெரியாதா? அவ்ளோ பெரிய கேமரா வெச்சிக்கினு அக்காவுக்கு ஒரு படம் எடுத்துக் குடுக்க மாட்டியா?”

மறுக்க முடியவில்லை. மறுநாள் காலை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஐம்பது லென்ஸ், முழுதாகத் திறந்து. பக்கவாட்டில் நல்ல வெளிச்சம். ஆனால் அக்காவால் சும்மா உட்கார முடியாது. பேசுவாள், பேசும்போது முன்னால் வருவாள். அவள் விரலளவு நகர்ந்தால் என் சிவப்புக் கோடு இமையிலிருந்து மூக்குக்குப் போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, திருப்பி, கடைசியில் ஒன்று கிடைத்தது. கண்ணில் ஈரம் வரை தெரிந்தது. நெற்றிப் பொட்டுக்கு மேல் ஒற்றை நரைமுடி தெரிந்தது. பின்னால் எல்லாம் இளம்பச்சையாகக் கரைந்து கிடந்தது. நான் வாழ்நாளில் எடுத்த முகங்களிலேயே அதுதான் சிறந்தது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது. என் வீடு எங்கடா?”

“பின்னாடி இருக்குதுக்கா. அது மங்கினாத்தான் மொகம் எடுப்பா தெரியும்.”

“மொகத்த எல்லாரும் பாத்தாச்சு. வீட்டக் காட்ட வேணாமா? நைட் டூட்டி பாத்துப் பாத்துக் கட்டுன வீடுடா. நெல்லித்தோப்புல ஒண்டுக்குடித்தனத்துல கெடந்தவ சொந்தமா வீடு கட்னான்னு போறவன் வர்றவன் பாக்கணும். நீ இன்னாடான்னா அத அப்பிடியே கழுவி ஊத்திட்ட.” படத்தை இன்னும் கிட்டே பார்த்தாள். “காதுல தோடும் இல்ல. இதுக்கா இத்தாம் பெரிய கண்ணாடி?”

எனக்குக் கோபம் வந்தது. சங்கத்தில் இந்தப் படத்தைக் காட்டினால் எழுந்து நின்று பார்ப்பார்கள் என்று சொல்லவேண்டும் போலிருந்தது. வலித்தது என்பதும் உண்மை. அவள் அந்த வீட்டைக் கட்டிய காலம் முழுக்க நான் இங்கே சரக்குப் பெட்டி தள்ளிக்கொண்டிருந்தேன். அஸ்திவாரம் போட்டது, தளம் போட்டது எல்லாம் போனில் கேட்டதுதான். கட்டிலில் இருந்த லீனா தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி கைப்பேசிக்குள் போய்விட்டாள்.

5

அடுத்த நாள் அக்கா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். கதிரை விட்டு கேட்டைக் கழுவவைத்திருந்தாள். ஸ்கூட்டரை ஓரங்கட்டப் போனவனை, “இருக்கட்டும்டா, அதுவும் நாம வாங்கனதுதான்” என்று தடுத்துவிட்டாள்.

இந்தத் தடவை முப்பத்தைந்து லென்ஸ். தெருவைத் தாண்டி எதிர்வீட்டு கேட்டை ஒட்டி நின்றுகொண்டேன். அக்கா தெருவின் நடுவில், அவளுக்குப் பின்னால் வீடு. லென்ஸின் வாயைப் பதினொன்றாம் எண் வரை குறுக்கினேன்; வாய் சிறுத்தால் முன்னும் பின்னும் தெளிவு நீளும். இரண்டும் தெளிவாக வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. வளையத்தை ஆள் மேலும் வைக்கக் கூடாது, வீட்டின் மேலும் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். வைத்ததும் சிவப்புக் கோடு எல்லா இடத்திலும் ஓடியது. சேலைக் கரையில், காதுத் தோட்டில், கேட்டுக் கம்பியில், மாடித் தண்ணீர்த் தொட்டியில், வாசலுக்கு மேல் சிமென்ட்டில் எழுதிய ‘சரோஜா இல்லம்’ என்ற எழுத்துகளில்.

“வீடு தெரியுதா?” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள் அக்கா.

“தெரியுதுக்கா.”

“பேரு?”

“அதுவும் தெரியுது.”

“அப்ப எடு.”

இப்படி ஒரு படத்துக்கு இந்த லென்ஸ் எதற்கு, எந்தப் போனிலும் எடுக்கலாமே என்று மனதுக்குள் ஒரு புழுக்கம் இருந்தது. அக்காவிடம் காட்டியபோது அவள் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. விரலால் விரித்து விரித்து கேட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மல்லித் தொட்டியைப் பார்த்தாள்.

“இதாண்டா படம். இத மாத்தாம அப்பிடியே போடச் சொல்லு, தெரியுதா?”

சரி என்றேன்.

6

அக்கா அடுத்த மழைக்காலத்தில் போனாள். சரக்குக் கொட்டகையில் இடைவேளையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கதிர் அழைத்தான். “மாமா” என்றான், பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது.

என் கடவுச்சீட்டு காலாவதியாகி, புதுப்பிக்க மேரியில், அதாவது இந்த ஊர் நகராட்சியில், நேரம் வாங்கிவிட்டுக் காத்திருந்த சமயம் அது. அவசரத்துக்கு வேறொரு அலுவலகம், அங்கே இறப்புச் சான்று கேட்பார்கள். சான்று பதிவாகிக் கைக்கு வரும்வரை அங்கே உடல் இருக்காது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறந்த வீட்டுக் கோடியை நான்தான் போர்த்த வேண்டும். என் பெயரைச் சொல்லிச் சித்தப்பா மகன் போர்த்தினான்.

வேலையிடத்தில் விடுப்பு கேட்டபோது அலுவலகப் பெண் மிகவும் மரியாதையாக, சகோதரி இறந்தால் மூன்று நாள் உண்டு என்றார். சான்றை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் வாங்கி வர வேண்டும் என்றார். உடன் பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா என்றும் கேட்டார். அக்கா என்றேன், தமிழிலேயே. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வாய் தவறித் தமிழில் பேசுவது எனக்கு அந்த வாரம் முழுக்க நடந்தது. எடைமேடைக்குப் பக்கத்தில் ஒருவர் மேல் மோதிவிட்டு “ஐயோ, மன்னிச்சிடுங்க” என்றேன்.

சடங்கைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். கதிரின் நண்பன் யாரோ பிடித்துக் காட்டினான். கை ஆடி ஆடி ஒரு தடவை கேட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே பேனர் கட்டியிருந்தார்கள். தெருப் பையன்கள் பாசத்தில் விடிவதற்குள் அடித்து வந்து கட்டியது. ஆதார் கார்டு படம். அக்கா எதைப் பார்த்துப் பயந்தாளோ அதேதான், காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அழுதுகொண்டிருக்கிற கதிரிடம் அதைப் போய்ப் பேசவும் முடியாது.

முதல் வருடத்துக்கு இன்னொரு பேனர் கட்டுவார்கள். எனக்கு அந்த ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதற்கு மேல் யாருக்கும் வருடா வருடம் கட்டுவதில்லை.

7

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மேலே வந்ததும் கதிரை அழைத்தேன்.

“வீடு எங்கடா கதிர்?”

“சொன்னேன் மாமா. கடைக்காரரு வேணாங்கறாரு. பின்னாடி வீடு இருந்தா வீடு விக்கிறதுக்குப் போட்ட வெளம்பரம் மாரி இருக்குமாம். நெனவு நாளுக்கு மேகந்தான் போடுவாங்களாம்.”

“அம்மா கேட்டது ஒனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் மாமா. ரெண்டு தபா சொல்லிட்டேன். அவரு கேக்கல. எனக்கும் படையல் வேலை, சாமான் வாங்கற வேலைன்னு தலைக்கு மேல இருக்குது. நாலு நாளுல கழட்டப் போறதுதான மாமா?”

அவன் குரலில் களைப்பு இருந்தது. எல்லாவற்றையும் அங்கே தனியாக இழுத்துச் செய்துகொண்டிருப்பவன் அவன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு நான் அதிகாரம் பண்ணுவதா என்று தோன்றியது. “சரிப்பா, ஒன் இஷ்டம்” என்று வைத்துவிட்டேன். சமையலறை மேசை முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

லீனா எழுந்து வந்து, ரொட்டி எங்கே என்று பிரெஞ்சில் கேட்டாள். கைப்பேசியை அவள் பக்கம் தள்ளினேன். நின்றபடியே பார்த்தாள். பிறகு அதே பிரெஞ்சில் கேட்டாள், “அத்தையோட வீடு எங்கே?”

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அன்றைக்குக் கட்டிலில் கிடந்தபோது இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். பேனரின் அடியில் வழக்கம்போலக் கடையின் பெயரும் நம்பரும் சிறிதாக இருந்தன. லீனா அதைப் பார்த்து நம்பரை அழுத்தி, பால்கனிக்குப் போனாள். நான் தடுப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்.

“வணக்கம். நான் லீனா. பிரான்ஸ். சரோஜா என் அத்தை.”

“சொல்லும்மா. பேனரு விஷயமா?”

“நீங்க வீடு எடுத்துட்டீங்க.”

“இல்லம்மா, டிசைனு அப்பிடித்தான் வரும். எல்லாருக்கும் மேகந்தான் வெப்போம். பாக்க சாந்தமா இருக்கும்.”

லீனா வார்த்தை தேடுவது கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒரு கையால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை வீடு கட்டினாங்க,” என்றாள். “மேகம் அத்தை கட்டல.”

அந்தப் பக்கம் அச்சடிக்கும் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“மேகம் வேணாம். வீடு வைங்க. புறா வேணாம். அத்தைக்குப் புறா பிடிக்காது.”

“சரிம்மா,” என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. “வீட்டையே வெச்சிடறேன். ரோசா மட்டும் இருக்கட்டுமா?”

லீனா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். “ரோஜா இருக்கலாம்,” என்றாள்.

உள்ளே வந்து கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு ரொட்டி வாங்க அவளே போனாள். அழுதுவிட்டேன். அக்கா போன அன்று வராத அழுகை அது.

8

நினைவு நாளன்று கதிர் படம் அனுப்பினான். தெருமுனையில் கட்டாமல் வீட்டு கேட்டுக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தான். பேனரில் அக்கா, அவளுக்குப் பின்னால் வீடு, பேனருக்குப் பின்னால் அதே வீடு. ‘சரோஜா இல்லம்’ இரண்டு தடவை இருந்தது. “போறவங்க நின்னு வீட்டையும் பேனரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டுப் போறாங்க மாமா. கடைக்காரரே வந்து பாத்துட்டுப் போனாரு” என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். மனைவி இங்கே அக்கா படத்துக்கு விளக்கேற்றி வடை பாயசம் வைத்தாள். கரண்டியில் எடுத்த சோற்றைக் காகத்துக்கு வைக்க ஜன்னலைத் திறந்தால், இந்த ஊர்க் காகம் இரண்டு மீட்டருக்கு மேல் கிட்டே வராது. வைத்துவிட்டு ஜன்னலை மூடினோம்.

சாயங்காலம் லீனா கோட்டு மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அடுத்த மாதம் படிப்புக்காக லியோன் நகரத்துக்குப் போகிறாள். அறை பார்த்தாகிவிட்டது.

“என்னையும் ஒரு படம் எடுங்கப்பா,” என்றாள். “அத்தை மாதிரி.”

“வாயக் கழுவு,” என்றேன். “இன்னிக்கு நாள்ல பேசற பேச்சா இது?”

“அது இல்ல. வீடு தெரியிற மாதிரி.”

“எந்த வீடு?”

நான் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டேன். லீனா தரையைக் காட்டினாள். “இந்த வீடு,” என்றாள்.

கையால் திருப்புகிற லென்ஸ் வாங்கியதிலிருந்து அவளை நான் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கேக் வெட்டியது, பல் விழுந்தது, முதல் நாள் பள்ளிக்கூடம். எல்லாவற்றிலும் கண் துல்லியமாக இருக்கும், இமை துல்லியமாக இருக்கும். பின்னால் வெறும் நிறம். அவள் பிறந்து வளர்ந்த இந்த வீடு அதில் ஒரு படத்திலும் இல்லை.

முப்பத்தைந்து லென்ஸை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். வெளிச்சம் போவதற்குக் கொஞ்ச நேரமே இருந்தது. லீனா கட்டட வாசலுக்கு முன்னால் போய் நின்றாள். நான் சொல்லாமலே என்னிடமிருந்து சரியாக இரண்டு மீட்டர் விட்டு நின்றாள். நான்தான் முழுக் கட்டடமும் வரப் பின்னால் நடந்து போனேன். லென்ஸைப் பதினொன்றுக்குக் குறுக்கினேன். வளையத்தை அவளுக்கும் வீட்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.

சிவப்புக் கோடு ஓடியது. அவள் கோட்டுப் பொத்தானில், வாசல் படியில், சங்கிலி போட்ட சைக்கிள்களில், குப்பைத்தொட்டியின் மூடியில், எங்கள் பெயர் எழுதிய தபால் பெட்டியில், மூன்றாம் மாடியில் மனைவி மாட்டிய மஞ்சள் திரையில்.

“வீடு தெரியுதாப்பா?” என்று தமிழில் கத்தினாள் லீனா.

கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் சொன்னேன்.

“தெரியுதும்மா. நம்ம பேரும் தெரியுது.”